அப்பா ஓய்வு பெறாத கதை

இந்த நினைவு மலரைப் பிரித்தவுடன், "காக்கிச் சட்டையில ஒரு படம் போட்டிருக்கலாமே" என்று கேட்கப்போகும் உறவினர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேட்டி சட்டைப் படம் போதும் என்றது அப்பாவேதான். "விசாரணை முடியற வரைக்கும் யூனிபார்ம் படம் எங்கயும் வேண்டாம் சாமி" என்று சொன்னவர், அது முடிவதற்குள் போய்விட்டார். ஓராண்டு ஓடிவிட்டது. அம்மாவும் தம்பியும் கேட்டுக்கொண்டதால் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுவேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது மோகனூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். அவருடைய அக்கா, எங்கள் அத்தை, கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு தம்பியைப் படிக்க வைத்தார். அப்பா உதவி ஆய்வாளராகத் தேர்வாகி முதன்முதலில் சேந்தமங்கலத்தில் பணியில் சேர்ந்தபோது, அத்தை பேருந்தில் வந்து காவல் நிலைய வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிவிட்டாராம். "போலீஸ் டேசனுக்குள்ள எனக்கு என்ன சோலி" என்று இன்றைக்கும் சொல்வார். அப்பா படிப்படியாக உயர்ந்து சேலம் மாவட்டத்தில் ஓர் உட்கோட்டத்தின் துணைக் கண்காணிப்பாளர் ஆனார். அத்தனை காவல் நிலையங்களுக்கும் அவர்தான் தலைமை.

காவல் துறையில் மைக் என்று ஒன்று உண்டு. வயர்லெஸ்ஸில் மேலதிகாரி பேசினால் எல்லா நிலையங்களும் கேட்கும். அதில் கீழே உள்ளவர்களைத் திட்டித் தீர்ப்பதைச் சில அதிகாரிகள் பெருமையாகவே நினைப்பார்கள். அப்பா அதற்கு நேர் எதிர். திட்டுவதென்றால் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார். பாராட்டுவதென்றால் மைக்கில், பெயர் சொல்லி, ஊரறியப் பாராட்டுவார். அப்பாவின் வாயால் மைக்கில் பெயர் வந்தால் பதக்கம் வாங்கியது மாதிரி என்று அவரிடம் பணியாற்றியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கே ஒரு பதக்கம் தரவேண்டும் என்று பரிந்துரை போயிருந்த நேரத்தில்தான் அந்தக் கோயில் திருவிழா வந்தது.

பாதுகாப்புப் பணிக்கு அப்பாதான் பொறுப்பு. கூட்டத்தை மறிக்கத் தெரு முனைகளில் காவலர்கள் கயிறு பிடித்து நிற்பார்கள். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி அப்பா சொன்னது இது: "கர்ப்பிணி, குழந்தை, நோயாளின்னு யாராச்சும் வந்தா, என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. கயிறைத் திறந்து விட்டுருங்க." வாய்ச்சொல்தான்; எழுத்தில் எதுவும் இல்லை. மாலையில் பிரசவ வலியோடு ஒரு பெண் ஆட்டோவில் வந்தார். அந்த முனையில் நின்ற இளம் பெண் உதவி ஆய்வாளர் கயிற்றைத் திறந்தார். ஆட்டோ போய்விட்டது. ஆனால் திறந்த வழியில் கூட்டம் பாய்ந்துவிட்டது. பலர் விழுந்தார்கள். ஒரு முதியவர் எழுந்திருக்கவே இல்லை.

யாரையாவது காட்ட வேண்டிய கட்டாயம் மேலே இருந்தவர்களுக்கு. கயிற்றைத் திறந்த பெண்ணா, திறக்கச் சொன்ன அதிகாரியா என்பதுதான் கேள்வி. காலையில் வரிசையில் நின்ற பலருக்கு அப்பா சொன்னது திடீரென்று நினைவில் இல்லாமல் போயிற்று. "நான் அப்படி உத்தரவு தரவில்லை" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிவிடுவார்; அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. விசாரணை அப்படியே கிடந்தது.

ஓய்வு பெறும் நாள் வந்தது. ஓய்வு பெறும் அதிகாரியைப் பூ அலங்காரம் செய்த ஜீப்பில் உட்கார வைத்து, உடன் பணிபுரிந்தவர்கள் கயிறு கட்டி இழுத்து வழியனுப்புவது காவல் துறையின் வழக்கம். ஜீப் தயார். கயிறும் கட்டியாகிவிட்டது. அம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். அப்போதுதான் உத்தரவு வந்தது: பணியிடை நீக்கம்; விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை. ஓட்டுநர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் பூவைப் பிரித்தார், கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

அதன்பிறகு அப்பா பணியிலும் இல்லை, ஓய்விலும் இல்லை. தலைமையிடம் சேலம், முன் அனுமதி பெறாமல் வெளியே போகக்கூடாது என்று உத்தரவில் இருந்தது. அதனால்தான் என் திருமணம் மோகனூரில் நடக்காமல் சேலத்தில் நடந்தது. "சொந்த ஊரு கசந்துபோச்சாக்கும்" என்று அப்போது குறைபட்டுக்கொண்டவர்கள் இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். காலையில் குளித்து, சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். போவதற்கு இடம் கிடையாது. வெளியே ஜீப் சத்தம் கேட்டால் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போகும்.

அம்மா கேட்காத நாளில்லை. "ஏனுங்க, ஒரே ஒரு வார்த்தைதானுங்க. சொல்லிப்போட்டு நிம்மதியா இருங்களேன்."

அப்பாவோடு ஒன்றாகப் பயிற்சி பெற்ற நண்பர், அப்போது வேறொரு மாவட்டத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர், வீட்டுக்கே வந்து சொன்னார். "நீ சொல்லலைன்னு சொல்லு. பென்ஷனும் வரும், பதக்கமும் வரும். அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு, எப்படியும் பொழச்சுக்கும்."

அப்பா காபியை அவர் பக்கம் நகர்த்திவைத்தார். "பேச்சை மாத்து" என்று மட்டும் சொன்னார்.

அந்த உதவி ஆய்வாளரும் ஒருநாள் வந்து அழுதார். "ஐயா, நானாத்தான் திறந்தேன்னு எழுதிக் குடுத்துடறேனுங்க."

"திறந்தது நீதான் சாமி. திறக்கச் சொன்னது நான். ரெண்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார் அப்பா.

அவர் போனதும் நான் வெடித்துவிட்டேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் நல்லவராக இருந்துவிட்டு எங்களை ஏன் இப்படி அடைத்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பா குரலை உயர்த்தவில்லை. "கயிறைத் திறக்கற எடத்துல கூட ரெண்டு பேரை நிறுத்தோணும்னு நான் சொல்லாம விட்டுட்டேன். ஒரு உசுரு போயிருக்குது. அதை அந்தப் புள்ள தலையில எப்படி வெக்கிறது?" அதைக் கேட்டும் என் கோபம் போகவில்லை.

மோகனூரில் அத்தை வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். "தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று தொலைபேசியில் அழைத்தார். அப்பா அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார். பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தார். "காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்துடலாம், யாரு பார்க்கப் போறாங்க?" என்றான் தம்பி. "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருப்பேன்" என்றார் அப்பா. அனுமதிக்குக் காத்திருந்தபடியே, ஒரு காலை நேரத்தில், அந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனையில் முடிந்துவிட்டது.

அப்பா அனுமதி இல்லாமல் மோகனூருக்குப் போனது அன்றுதான். அத்தையைத் தூக்கி வந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். அவர் அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "உத்தரவு குடுத்துட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். அங்கே இருந்த யாராலும் தாங்க முடியவில்லை.

இப்போது நன்றி. மருத்துவமனைக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்ட மோகனூர்ப் பங்காளிகளுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இறந்தவர் மீது நடவடிக்கை தொடராது என்று பிறகு கோப்பை மூடிவிட்டார்கள். அப்பா குற்றமற்றவர் என்று அதில் எங்கும் இல்லை. எனவே அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை.

கடைசியாக ஒரு நன்றி. அரசு மரியாதைக்கு வழியில்லாததால், மோகனூர் வீட்டு வாசலில் அப்பாவை அமரர் ஊர்தியில் ஏற்றிவிட்டு நாங்கள் கிளம்பத் தயாரானோம். அப்போது சாதாரண உடையில் ஒரு கூட்டம் வந்தது. அப்பாவின் ஓட்டுநர் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். அன்று ஜீப்பிலிருந்து அவிழ்த்ததேதான்; வைத்திருந்திருக்கிறார். ஊர்தியின் முன்னால் கட்டினார்கள். வேறு மாவட்டங்களில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். பதக்கத்தைப் பற்றிச் சொன்ன அந்த நண்பர் அம்மாவிடம் வந்து, "தங்கச்சி, அன்னைக்கு நான் சொன்னதை மறந்துருங்க" என்றுவிட்டுப் போய் வரிசையில் நின்றார்.

எல்லோருக்கும் முன்னால், இப்போது ஆய்வாளராக இருக்கும் அந்தப் பெண். காவிரிக் கரைக்குத் திரும்பும் தெரு முனையில், வழக்கப்படி, பெண்களாகிய நாங்கள் நின்றுவிட்டோம். அவர் நிற்கவில்லை. யாரும் அவரை நிற்கச் சொல்லவும் இல்லை. முன்னால் அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கொஞ்சம் வழி விடுங்க. எங்க ஐயா இன்னைக்கு ரிட்டயர் ஆகறாருங்க."