செருப்பு ஜோடி சேர்க்கும் பிள்ளை

எங்கள் அங்கன்வாடியில் விளையாட்டுச் சாமான்கள் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில். பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடையும், உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்துப் பரப்புவோம். இத்தனை வருஷத்தில் ஒரு பொம்மைக்கும் மூக்கு உடையவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

போன வருஷம் இரண்டரை வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து சேர்ந்தாள். பேச மாட்டாள், பாட்டுக்குக் கைதட்ட மாட்டாள். வந்ததும் நேரே வாசலுக்குப் போய், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவாள். நாளைக்குப் பத்துத் தடவை தூக்கிவந்து, கைகழுவிவிட்டு, பாயில் உட்கார்த்துவேன். நான் திரும்புவதற்குள் மறுபடி அங்கே இருப்பாள். என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

அவள் அம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறவள். புருஷன் வீட்டார் பிள்ளையை மந்தம், மந்தம் என்று சொல்லியே அவளை அரித்தெடுத்துவிட்டார்கள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இவளுக்கு அறிவு இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் எங்க வீட்டுல நம்புவாவ."

பார்ப்போம் என்றேன். பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பீரோவைத் திறந்து, வட்டமும் சதுரமும் பொருத்துகிற மரப்பலகையை அவள் முன்னால் வைத்தேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை அவள் கண்டதில்லை. வட்டத்தை ஒரு கடி கடித்துவிட்டு வாசலைப் பார்த்தாள். பதிவேட்டில் 'ஒரே மாதிரிப் பொருள்களைச் சேர்ப்பாளா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, ஆறுவதற்குள் டீயைக் குடித்தேன்.

மறுநாள் அதிகாரியம்மா அதை வாசித்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்த அம்மாக்காரி சுவரோடு ஒட்டி நின்றாள்.

அதிகாரியம்மா கிளம்பினார். ஆயாம்மா பெருக்கும்போது தள்ளிவிட்டதில் செருப்பெல்லாம் குவியலாகக் கிடந்தது. அவர் காலால் துழாவிக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளை போய்க் குவியலைக் கிளறி அவருடையதில் ஒன்றை எடுத்தாள். படிக்கு அடியில் கிடந்த இன்னொன்றையும் தேடி எடுத்து, ஜோடியாக அவர் காலடியில் வைத்தாள். அடுத்து, ஊக்கு குத்திய என் செருப்பு என் முன்னால் வந்தது. கடைசியாக, இறால் வாடை அடிக்கிற நீலச் செருப்பை அம்மாவிடம் கொண்டுபோனாள்.

 ஆயாம்மாதான் வாரியலைச் சாத்திவைத்துவிட்டுச் சொன்னாள்.

"தெனமும் இதத்தான் செய்வா டீச்சர். நீங்கதான் பாதியில தூக்கிட்டுப் போயிருவிய."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. இன்னும் பேச்சு வராததால் காதைச் சோதித்துவிடுவது நல்லதுதான் என்றார் அதிகாரியம்மா. ஆனால் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். 'இல்லை'யை அடித்துவிட்டு, 'சேர்ப்பாள். யாருடையது என்றும் அறிவாள்' என்று எழுதினேன். அம்மாக்காரி எட்டிப் பார்த்து இரண்டு தடவை வாசித்தாள். பிறகு செல்போனை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் படம் பிடித்துக்கொண்டாள். வீட்டில் காட்டவாம்.