வெள்ளவத்தையில் நின்ற களி வண்டி

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு பேர்னாட் அண்ணன் ரயில் டிரைவர். கண்டிக்கும் மாத்தறைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரிந்தவர், கடைசி ஆறு வருடமும் தெற்கிலிருந்து பீங்கான் செய்யும் களிமண் கொண்டுவரும் சரக்கு வண்டிதான் ஓட்டினார். ஒரு டீசல் எஞ்சின், பின்னால் பதினான்கு பெட்டி வெள்ளைக் களி. கேட்டு வாங்கிய வேலை. களி வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்காது, மிதிபலகையில் தொங்காது, பிந்தினால் ஏசாது என்பார்.

வேலையில் பேய்ப் பிடிவாதம். மழை பெய்தால் களி தண்ணீரைக் குடித்துப் பெட்டி கனத்துவிடும். அடித்துவாரங்களைத் திறந்து இரண்டு மணித்தியாலம் வடியவிட்ட பிறகே வண்டியை எடுக்க வேண்டும். மற்ற டிரைவர்மார் அரை மணியில், வடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுவார்கள். இவர் குடையும் கையுமாகப் பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்ப்பார். சரியான அரியண்டம் பிடித்த மனிதர் என்று அவருடைய உதவியாளர் ஆமிரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன ஒக்டோபரில் அவருடைய மனைவி றோஸி அக்கா இருதய வருத்தத்தோடு வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்தில் வந்து முடியும் ஒழுங்கையிலுள்ள ஒரு நேர்சிங் ஹோமில் இருந்தா. பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதை நம்பித்தான் அண்ணன் வேலைக்குப் போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, தெற்கில் களி ஏற்றிக்கொண்டு நின்றவருக்கு மகள் டில்ஷானி போன் எடுத்தாள். மம்மிக்கு இனி நேரமில்லையாம், டடியைத்தான் கேட்கிறாவாம்.

மாற்று டிரைவர் வர மத்தியானமாகும். அதுவரை எஞ்சினை விட்டு இறங்க முடியாது. தன் வண்டியே தன்னைக் கெதியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அண்ணன் நினைத்தார். இரவு முழுக்க மழை. அவ்வளவு வருடத்தில் முதல் தடவையாக, வடியவிடாமல் கையெழுத்துப் போட்டார்.

ஊறிய களியை இழுக்க எஞ்சின் திணறியது. ஈரத் தண்டவாளத்தில் சில்லுகள் வழுக்கின. ஊர்ந்து வரும் வண்டிக்கு யார் வழிவிடுவார்கள்? பாணந்துறையில் இவரை ஒதுக்கி, வேலைக்குப் போகிறவர்களின் கந்தோர் ரயில்களைப் போகவிட்டார்கள். கல்கிசையிலும் அதே கதை. வடியவிட்டு எட்டு மணிக்குப் புறப்பட்டிருந்தால் பாதை வெறுமையாக இருந்திருக்கும், பத்துக்கே வந்திருப்பார். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. கோபிக்க வேறு ஆளில்லை.

வெள்ளவத்தைக்கு வரும்போது மணி பதினொன்று. சிக்னல் சிவப்பு. தண்டவாளத்தின் ஊர்ப் பக்கம் அந்த ஒழுங்கை தெரிந்தது. நடந்தால் மூன்று நிமிடம்.

"நீங்க போங்க அண்ணே. பிரேக் இறுகி வண்டி நிக்கிது எண்டு நான் சொல்றன்," என்றார் ஆமிர்.

அண்ணன் டிரைவர் பக்க ஏணியில், கடல் பக்கமாக இறங்கினார். அதற்குள் டில்ஷானி எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தைக் கடந்து, அவர் இறங்கிய கடல் பக்கத்துக்கே ஓடிவந்துவிட்டாள்.

"டடி, மம்மி முழிச்சிருக்கிறா. வண்டிச் சத்தம் கேட்டு, டடியோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அந்த நேரம் பார்த்துப் பச்சை விழுந்தது. பின்னால் ஒரு ரயில் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அண்ணன் ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் கல்லிலுமாக நின்றார். முப்பத்தொரு வருடத்தில் பச்சைக்கு வண்டியை நிறுத்தி வைத்துப் பழக்கமில்லாத மனிதர். ஆமிர் திரும்பவும் போகச் சொன்னார். அவருக்கு அது கேட்டதோ தெரியாது.

"ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன் எண்டு மம்மியிட்ட சொல்லு. ஓடு," என்று மகளிடம் சொல்லிவிட்டு ஏறி வண்டியை எடுத்தார்.

அவளால் ஓட முடியவில்லை. கடலுக்கும் களி வண்டிக்கும் நடுவில் நின்றாள். ஈரக் களியை இழுக்கமாட்டாமல் எஞ்சின் முக்கி முக்கி நகர்ந்தது. பதினான்கு பெட்டியும் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போய் முடியும்வரை அவளுக்கு வழி கிடைக்கவில்லை. பிறகு ஒழுங்கையால் ஓடி மேலே போனபோது, றோஸி அக்கா பக்கத்தில் யாருமில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தா.