மல்லாபூர் குக்கர் ரிங்கும் என் மனுவும்

ஒரு பெரிய கம்பெனி இன்னொன்றை வாங்க நினைத்தால், அதனால் போட்டி செத்து விலை எகிறாது என்று டெல்லியிலுள்ள போட்டி ஆணையத்துக்கு எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குவது என் வேலை. "இதுக்கெல்லாம் ஒரு வக்கீலா?" என்று ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டேயிருந்தார். கோர்ட்டுக்கே அதிகம் போகாத வக்கீலை அவர் வக்கீலாகவே மதிக்கவில்லை.

எங்கள் ஹைதராபாத் ஆபீசில் பத்து வருஷம் மற்றவர்களின் மனுக்களுக்குக் கால்புள்ளி வைத்துக்கொண்டிருந்த பிறகு, முதல்முறையாக ஒரு கேஸை முழுதாக என்னிடம் கொடுத்தார்கள். கட்சிக்காரர் எழுபது வயது செகந்திராபாத் தமிழர். காருக்கும் ரயிலுக்கும் ரப்பர் சாமான் செய்யும் பெரிய கம்பெனி அவருடையது. அதை அப்படியே இன்னொரு ரப்பர் கம்பெனிக்கு விற்கப் போகிறார். ஆனால் அவர் உயிர் இருந்தது மல்லாபூரில், தொழில் தொடங்கிய முதல் ஷெட்டில். அங்கே அறுபது பேர் குக்கர் மூடிக்குப் போடும் ரப்பர் ரிங் செய்கிறார்கள். வாங்குகிறவர்களும் ரிங் செய்பவர்கள்தான். இரண்டும் போட்டி என்று ஆணையம் முடிவு கட்டினால், அந்த ஷெட்டைத் தனியாகக் கழற்றிவிடச் சொல்லும். தனியாக அதை வாங்க ஆள் கிடையாது. பூட்டுதான்.

"அந்த அறுபது பேரும் வேலையில இருக்கணும்மா. மத்தது எப்படிப் போனாலும் சரி" என்றார்.

நான் கெட்டிக்காரி இல்லையா! இரண்டு கம்பெனி இன்ஜினீயர்களின் வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து, மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடித்தேன். இவர் ரிங் ஒரு வகைக் குக்கருக்கு, அவர்கள் ரிங் வேறு வகைக்கு, ஒன்று மற்றதற்குப் பொருந்தாது, ஆகவே போட்டியே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதி, உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குக்கர் பக்கவாட்டில் சீறியது. மாரெட்பள்ளி மார்க்கெட்டில் குக்கர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு ரிங்கை எடுத்தார். பார்த்ததும் பக்கென்றது. வாங்குகிற கம்பெனியின் ரிங்! என் குக்கரோ எங்கள் கட்சிக்காரர் ரிங் மட்டுமே சேரும் என்று நான் எழுதிய வகை.

"பாய், இது இதுக்குச் சேராதே?"

"ஏன் சேராது மேடம்? சுடுதண்ணில ரெண்டு நிமிசம் போடு, கொஞ்சம் இழு. எல்லாம் சேரும்."

போட்டார், இழுத்தார், மாட்டினார். கச்சிதம்! ஊரில் குக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வரைபடம் பார்த்த எனக்கு மட்டும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் என் கட்சிக்காரரிடம், அந்த ரிங் முதலாளியிடம் போய், மனுவில் நான் எழுதியது தப்பு, திருத்தி அனுப்ப வேண்டும் என்றேன். மனிதர் குதித்தார்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? டெல்லிக்காரன் குக்கரைத் தூக்கிட்டு ரிப்பேர் கடைக்கா போகப் போறான்? நக்கோ, வேணாம்! பேசாம விடு."

"கையெழுத்து என்னுது சார். தெரிஞ்சப்புறம் பொய்யை அங்க விட்டுவைக்க மாட்டேன்."

"அறுபது பேரு சோத்துல மண்ணைப் போடுறியே!"

எனக்கும் கோபம் வந்தது. மண்ணைப் போடாமல் எப்படித் திருத்துவது என்று பார்க்கிறேன் என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வழி எதுவும் தெரிந்து சொல்லவில்லை, வாய்க்கொழுப்புதான்.

அந்த வாரம் முழுக்க ரிப்பேர் கடை ரிப்பேர் கடையாக ஏறி இறங்கினேன். தார்நாகாவில் ஒரு கடையில், "உங்ககிட்ட இருக்கற எல்லா ரிங்கையும் காட்டுங்க" என்றதும் அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பதினேழு கம்பெனி ரிங்! பெயரே கேள்விப்படாத கம்பெனிகள். எல்லாம் சுடுதண்ணீரில் போட்டால் எல்லாவற்றுக்கும் சேரும். அங்கேயே எனக்குச் சிரிப்பு பீறிட்டது. எல்லா ரிங்கும் எல்லாக் குக்கருக்கும் சேருமென்றால், போட்டி இந்த இரண்டு பேருக்குள் மட்டும் இல்லையே. இரண்டும் ஒன்று சேர்ந்தாலும் பதினேழில் ஒன்றுதானே குறையும்! நான் கஷ்டப்பட்டு ஜோடித்ததைவிட உண்மை எங்களுக்கு எவ்வளவோ நல்லதாக இருந்தது.

திருத்திய மனுவோடு முதலாளியும் ஓர் உறுதிமொழி தர வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டு போனேன். தங்கள் ரிங்குக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை, சந்தையில் கிடைக்கும் எந்த ரிங்கும் அதற்கு ஈடாகும் என்பது அதன் சாரம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பது வருஷமா, எங்க ரிங் மாதிரி எவனாலயும் பண்ண முடியாதுன்னு சொல்லித்தாம்மா வித்தேன்."

"இது ரிங்கைப் பத்தித்தான் சார், உங்களைப் பத்தி இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "ஷெட்ல யாருக்கும் இதைப் படிச்சுக் காட்டாதே" என்றார்.

அனுமதி வந்தது, ஷெட்டைச் சேர்த்தே. மல்லாபூரில் லட்டு கொடுத்தார்கள். ரிங்கின் ஓரப் பிசிறை வெட்டும் தமிழ்க்கார அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், டெல்லிக்கு நம்ம ரிங்கைப் பத்தி என்னதான் எழுதுனீங்க?"

பக்கத்தில் நின்ற முதலாளி சட்டென்று தரையைப் பார்த்தார்.

"இது மாதிரி வேற எவனாலயும் பண்ண முடியாதுன்னு எழுதினேன்" என்றேன், கண் இமைக்காமல்.

அந்த அம்மாள் அதைத் தெலுங்கில் உரக்கச் சொன்னார். ஷெட்டே கைதட்டியது. முதலாளியும் தட்டினார்.