கிளைச்சிறையில் மோட்டாரைத் தூக்கிய நாள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கிளைச்சிறையில் காவலர். சின்னச் சிறைதான், எண்பது பேர்போல இருப்பார்கள், எல்லாரும் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். தண்டனை வாங்கியவனுக்காவது என்றைக்கு வெளியே போவோம் என்று தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியாது. சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூடச் சண்டை வரும்.

அந்தக் கோடையில் போர்வெல் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் போனது. முதல் நாள் லாரித் தண்ணீர் வந்தது. மறுநாள் அதுவும் இல்லை. வெளி மெக்கானிக் போனில், "நாளைக்குத்தான் வர முடியும் சார்" என்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாமல், தண்ணீர் வராமல் உள்ளே போகமாட்டோம் என்று எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னா சார், கக்கூசுக்கே தண்ணி இல்ல. சாயந்தரம் எங்கள உள்ள வெச்சிப் பூட்டிக்கினு போயிடுவீங்க. நாங்க இன்னா பண்றது?" என்று முன்வரிசையில் ஒருவன் எகிறினான். எதற்கெடுத்தாலும் எகிறுகிற ஆள்தான். ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது நியாயம்.

பணியில் நாங்கள் நான்கு பேர். நாலு லத்தியை வைத்துக்கொண்டு எண்பது பேரை என்ன செய்ய முடியும்? உள்ளே இருப்பவர்கள் ஒத்துழைப்பதால்தான் சிறை நடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அடிதடி வழக்கில் வந்தவர். வந்த நாளிலிருந்து யாரிடமும் பேசியதில்லை. "சார், நான் காக்களூர்ல பம்பு கம்பெனில இருந்தவன். மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது. வால்வுலதான் மண்ணு அடைச்சிருக்கும். ஸ்பானரும் கயிறும் குடுங்க, தூக்கிப் பாக்கலாம்."

ஸ்பானர், கயிறு! சிறைக்குள் இரண்டுமே ஆயுதம். எங்கள் அதிகாரி என்னைத் தனியே இழுத்து, "ஒருத்தன் மண்ட ஒடஞ்சா யாருய்யா பதில் சொல்றது?" என்றார்.

"ஆறு மணிக்கு இவங்க உள்ள போகலன்னா அதுக்கும் நாமதான சார் பதில் சொல்லணும்? நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ! அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு டூல் பாக்ஸ் சாவியை நீட்டினார். நான்கு ஸ்பானர்களை எண்ணி எழுதிக்கொண்டேன்.

கயிற்றைப் பிடிக்கப் பத்துப் பேர் கேட்டோம். முப்பது பேர் ஓடிவந்தார்கள். "ஏய் இழு! இழுடா!" முதல்நாள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நின்று இழுத்தார்கள். கறுப்புக் குழாய் பாம்புபோல மேலே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மோட்டார் தலைகாட்டியதும் எழுந்த விசிலில் காது அடைத்துப்போனது. வால்வைக் கழற்றினால் உள்ளே கெட்டியான மணல். சுத்தம் செய்து, மாட்டி, மறுபடி இறக்கினோம். நான் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்.

முதலில் காற்று. பிறகு சேறு. பிறகு பளீரென்று தண்ணீர்! எண்பது பேரும் அதன் கீழே பாய்ந்தார்கள். யூனிபார்மோடு நானும் நனைந்தேன்.

அந்தக் கும்மாளத்தில் எண்ணிப் பார்த்தால் மூன்று ஸ்பானர்தான் இருந்தது. எல்லாரையும் உள்ளே வைத்துப் பூட்ட இன்னும் அரைமணி நேரம். ஒவ்வொருவரையும் சோதனை போட்டால் இந்தச் சந்தோஷம் கலவரமாகிவிடும். மறைக்காமல் சத்தமாகச் சொன்னேன்: "ஒரு ஸ்பானர் காணோம்பா. அது கெடைக்கலன்னா என் வேல போயிடும்."

எல்லாரும் அடங்கினார்கள். பம்பு கம்பெனிக்காரர்தான் முதலில் சேற்றில் இறங்கிக் காலால் துழாவினார். அவர் பின்னால் மற்றவர்களும். நடவு வயலில் நடப்பதுபோல முற்றம் முழுக்க மிதித்தார்கள். திடீரென்று எகிறுகிற ஆள் துள்ளிக் குதித்தான். "கெட்சிச்சி சார்! காலக் கிழிச்சிக்கினு கெட்சிச்சி!" ரத்தம் வழிகிற பாதத்தோடு ஸ்பானரைத் தூக்கிக் காட்டினான். நான் அவனைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அது விதிப்படி தப்பு.

ஆறு மணிக்கு யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று உள்ளே போனார்கள்.

பம்பு கம்பெனிக்காரருக்குக் கொஞ்ச நாளில் ஜாமீன் கிடைத்தது. வாசலில் கையெழுத்துப் போட்டவர் என்னைப் பார்த்து, "சார், ஸ்டார்ட்டர் பாக்ஸ் மூடி லூசா இருக்குது. மழைக்கு முன்னால மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த மனைவியோடு பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தார்.