இருமல் மருந்துக்கு ஒரு பாட்டில்

திண்டுக்கல் போகும் பஸ் வழியில் ஓர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சராகி நிற்கிறது. பகல் பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறேன். இலவச மருத்துவத்துக்கு இவ்வளவு செலவழித்தால் அரசின் பற்றாக்குறையை எப்படிக் குறைப்பது என்று பெரிய மனிதர்கள் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி கேட் ஓரமாக ஒரு பெண் சாக்கை விரித்து, காலி குவார்ட்டர் பாட்டில்களைக் கழுவி அடுக்கியிருக்கிறார்.

"இது எதுக்குக்கா?"

"இருமல் மருந்துக்குத்தேன் சார். மருந்து சும்மா ஊத்துவாக. பாட்டில் நம்மதேன் கொண்டுபோகணும்."

"இவ்வளவு பாட்டில் எங்க கிடைக்குது?"

எதிரே இருக்கும் அரசு மதுக்கடையைக் காட்டுகிறார். ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது.

"அதுவும் கவர்மெண்டுதேன். ஆனா அங்க சரக்கு இல்லைன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஒரு விவசாயி இருமிக்கொண்டே வருகிறார். கையிலிருக்கும் பாட்டில் காலியாகவே இருக்கிறது.

"மருந்து தீந்துபோச்சாம் தாயி. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாக" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறார்.

எதிரே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கிறது. விவசாயி அந்தப் பக்கம் திரும்புகிறார்.

"தொண்டைக்கு ஏதாச்சும் ஊத்தணும்ல" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடக்கிறார்.

நான் பேப்பரை மடிக்கிறேன். பெரிய மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பற்றாக்குறை என் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கிறது.

பாட்டில்காரப் பெண் பின்னாலேயே குரல் கொடுக்கிறார்:

"குடிச்சிட்டுப் பாட்டில எனக்கே குடுத்துருங்கண்ணே. திங்கக்கிழமை மருந்துக்கு ஆகும்."