சலீம் நானா கீறிய ஒழுங்கை

லுஹர் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டிருந்தபோது பள்ளி ஒலிபெருக்கியில் மவுத்து அறிவித்தார்கள். இறந்தது ஓய்வு பெற்ற தபால்காரர் சலீம் நானா. அவர் கையால் கடிதம் வாங்கிய ஊரவர்களான உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கையின் நடுவால் உள்ளூராட்சித் தேர்தலுக்கான புதிய வட்டார எல்லை போவதை முதலில் கண்டவர் அவர்தான். ரோட்டுப் பக்க வீடுகள் ஒரு வட்டாரம், களப்பு நீரோரப் பக்கம் இன்னொன்று. மழைக்கு நிரம்பி வீட்டுக்குள் வரும் வடிகான் மட்டும் இரண்டுக்கும் பொது. அதை வெட்டித் தரும்படி எந்த வட்டாரத்துச் சபை உறுப்பினரைக் கேட்பது?

“இனி தண்ணிக்கிட்டயும் எந்த வட்டாரமெண்டு கேட்டுட்டுத்தான் உள்ள விடணும்” என்று சிரித்தார்.

எல்லை நிர்ணயக் குழுவுக்கு முறைப்பாடு எழுதினோம். அவர் வரைபடம் கீறினார். நான் வீடு வீடாகப் போய்ப் பெயர் எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற என்னிடம், “வீட்டுக் கணக்குக் கொப்பி எழுதுற மாதிரியே எழுதுங்க தங்கச்சி, ஒரு ஆள் உடுபடப்படாது” என்றார். ஒருவரும் விடுபடவில்லை.

விசாரணைக்குப் போனபோது குழுவின் அதிகாரி என் கொப்பியை வாக்காளர் பெயர் இடாப்போடு ஒப்பிட்டார். களப்புப் பக்கத்தில் பாதி வீடு இடாப்பில் இல்லை. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் நாங்கள். ஒருநாள் திரும்பிப் போவோம் என்று பதிவை அங்கேயே வைத்திருந்தோம்.

“இங்க ஆக்களே இல்லையே அம்மா” என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான். இல்லாதவர்களில் நானும் ஒருத்தி.

பஸ்ஸுக்கு நின்றபோது அழுதேன். சலீம் நானா சொன்னார்: “இத்தன வருசமா உங்களுக்குக் கடிதம் கொண்டந்து தந்தது நாந்தானே. ஆள் இல்லாத ஊட்டுக்கா தந்த?”

இதையே எழுதி மறுபடியும் அனுப்பினார். பதிலுக்காகப் புதிய தபால்காரரை நாள்தோறும் மறித்தார். பதில் வரவில்லை. அந்தக் கோட்டின்படியே தேர்தலும் நடந்தது. நான் பதிவை இங்கே மாற்றிக்கொண்டேன். மன்னாரில் என் பெயரை வெட்டினார்கள். இங்கே கோடு அசையவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா எங்கள் ஒழுங்கையால் போனது. முந்திய நாள் மழை. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கான் தண்ணீருக்குள் நடந்தார்கள்.

அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கட்டும். அவர் கீறிய வரைபடத்தின் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. களப்புப் பக்கத்தில் நான்காவது சதுரம் என் வீடு. அதற்குள் பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘ஆள் உண்டு.’