துடைப்பத்தைப் பார்த்து வாங்கிய ஸ்கோப்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. மாமனார் காலத்து பாயின்ட் டூ டூ ரைஃபிள். பயிர்க் காவலுக்கென்று வாங்கிய லைசென்ஸ் அவருக்குப் பிறகு என் கணவர் பெயருக்கு மாறியது. படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் அதைச் சாய்த்து வைத்திருப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மூலையை நான் பெருக்கியதே இல்லை. அதன் குண்டு என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. "இதுக்குப் பன்னி சாவாதுமே, பயந்து ஓடும், அவ்வளவுதான்" என்பார். பன்றி சாகாவிட்டால் போகட்டும், மனுஷன் சாவானா மாட்டானா என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

கெலவரப்பள்ளி அணைக்கு மேற்கே பாறைகளுக்கு நடுவில் எங்கள் நிலம். ராகியும் இடையில் அவரையும் போடுவோம். கதிர் முற்றினால் விடியலில் பன்றி இறங்கிவிடும். அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இருட்டோடு பரண் ஏறி உட்கார்ந்து, விடிந்ததும் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பார். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்ததில் கண் கெட்டுப்போனதுதான் மிச்சம். கண்ணாடி போடச் சொன்னால், ஃபிட்டர் கண்ணாடி போட்டால் சூப்பர்வைசர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார் என்று ஒரு சாக்கு.

ஒருநாள் காலையில் பன்றியைச் சுட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தேன். அது வேப்பமரத்தை வெட்டிவிட்டு விட்டுவைத்த அடிக்கட்டை. நடுவில் பொட்டு வைத்தாற்போல ஓட்டை. சிரிக்கத்தான் போனேன், சிரிப்பு வரவில்லை. விடியலில் வெளிக்குப் போகிறவர்கள் எங்கள் வரப்போரமாகத்தான் குந்துவார்கள். கட்டையும் அதே உயரம். அன்று முதல் பரணிலிருந்து சத்தம் கேட்டாலே, யார் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

துப்பாக்கியை விற்கச் சொன்னேன். அப்பா வைத்திருந்தது என்றார். அப்படியானால் கண் தெரிய அதன்மேலாவது எதையாவது வாங்கி மாட்டுங்கள் என்றேன். அதற்கு மட்டும் உடனே தலையாட்டினார்.

பெங்களூரில் ஒரு துப்பாக்கிக் கடை. நானும் கூடப் போனேன், விட்டால் எதையாவது தலையில் கட்டி அனுப்பிவிடுவார்கள். கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப்பில் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலையைக் கேட்டதும் என் கணவரே அதைப் பூப்போலத் திருப்பி வைத்துவிட்டார். இன்னொன்று ஊதுபத்திக் குழாய் மாதிரி ஒல்லி, இருப்பதிலேயே மலிவு. மூன்றாவதற்கு முன்பக்கக் கண்ணாடி கொஞ்சம் அகலம், விலை நடுத்தரம்.

"நல்லா கிட்டக்க காட்டறதா குடுங்க" என்றார் இவர்.

"பேடா சார், வேணாம். இந்த ரைஃபிளுக்கு நாலு மடங்கு பெரிசாக் காட்டினாலே ஜாஸ்தி. அதுக்கு மேல போனா கை ஆடறதும் பெரிசாத் தெரியும். சுத்தி என்னா இருக்குதுன்னும் தெரியாது" என்றார் கடைக்காரர்.

ரெண்டும் நாலு மடங்குதான் என்றால் மலிவானதே போதும் என்று இவர் ஒல்லியை எடுத்து வாசல் வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் எதுதான் தெரியாது? அதை வாங்கிக் கடையின் உள்மூலைப் பக்கம் திருப்பினேன். கறுப்பாக ஏதோ நின்றது. ஆளா, கோணியா, தெரியவில்லை. அகலமானதில் பார்த்தேன். துடைப்பம். ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இதுதான்" என்றேன்.

திரும்பும்போது அத்திப்பள்ளி செக்போஸ்டில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். லைசென்ஸ், ரசீது எல்லாம் இவர் பையில் இருந்தும் நான் பொட்டலத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். மடியில் அது கனத்துக்கொண்டே வந்தது. இவரோ வழியெல்லாம், "தொடப்பத்தப் பாத்து ஸ்கோப் வாங்கனவ உலகத்துலயே நீ ஒருத்திதான்மே" என்று சிரித்துக்கொண்டு வந்தார்.

ஸ்கோப்பை மாட்டி, மண்கரையில் கரிப்புள்ளி வைத்துச் சுட்டுச் சரிபார்த்தார். சில நாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

காவல் இருக்கிற காட்டுக்குள் போகிறவர்கள் ஓவென்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மார்கழிப் பனியில் ஒரு காலை, ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் நேராகப் பஸ்ஸுக்கே போயிருப்பார், துப்பாக்கி பரணிலேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆளில்லாத பரணுக்கு யார் குரல் கொடுப்பார்கள்? கறுப்புக் கம்பளியைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவரைக்காய் பறிக்கப் போனேன். பனியில் நனைந்த காய்க்குத்தான் வாசம், வெயில் ஏறினால் போய்விடும். குனிந்து, செடிக்குச் செடி நகர்ந்து பறித்துக்கொண்டிருந்தேன். பனியில் பத்தடிக்கு அப்பால் எல்லாம் சாம்பல் நிறம். ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி குனிந்தேன்.

பரண் பக்கம் தொப்பென்று சத்தம். பன்றிதான் என்று கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினேன். பனிக்குள்ளிருந்து அவர் வந்தார். கையில் துப்பாக்கி இல்லை. பஸ்ஸை விட்டிருக்கிறார், பன்றித் தடம் பார்த்துவிட்டு. என் முன்னால் வந்து ராகித் தாளின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூக்குத்தி மின்னுச்சுமே" என்றார். "இல்லன்னா..."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் சோறு போடும்போது கொஞ்சம் தெளிந்திருந்தார். "நீ எடுத்த ஸ்கோப்தான் உன்னக் காப்பாத்திச்சு. அந்த ஒல்லியில மூக்குத்தி தெரிஞ்சிருக்காது" என்றார். நிஜம்தான். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. கடையில் வெறும் ஸ்கோப்பைக் கையில் பிடித்துப் பார்த்தேன். துப்பாக்கியில் மாட்டிய பிறகு, எதிரில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்ளவே துப்பாக்கியை அந்த ஆள்மேல் நீட்ட வேண்டும். கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த தேர்தலுக்கு வழக்கம்போல எல்லா லைசென்ஸ் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். முடிந்து திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னபோது போகவில்லை. அப்பா வைத்திருந்தது என்ற பேச்சும் எழவில்லை. பீரோவுக்குப் பின்னால் இப்போது நான்தான் பெருக்குகிறேன்.

அந்தப் பனிநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் ஒன்று கேட்டேன். "மூக்குத்தி தெரியறப்போ உங்க வெரலு எங்க இருந்துச்சு?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.